‘நிக்’ என்றொரு வால்

இரண்டாம் மாடி மிஸிஸ் சபாநாதன் படியேறி வந்தபோது நான் பாணுக்குச் சம்பல் இடித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு மூட்டுவலி. ஒரு மாடி மேலே ஏறி வருவதென்றால் அதற்கு ஒரு சாவோ கல்யாணமோ காரணமாக இருக்க வேண்டும். கையில் ஆங்கிலப் பத்திரிகையை நாலாக மடித்துப் பிடித்திருந்தார்.

“பரமேஸ், உம்மட படம் பேப்பரில வந்திருக்கு.”

உலக்கை அந்தரத்தில் நின்றுவிட்டது. அந்த நாட்களில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தமிழ் ஆளின் படம் பத்திரிகையில் வருவதற்கு இரண்டே வழிகள்தான் இருந்தன. ஒன்று, செத்திருக்க வேண்டும். மற்றது, பிடிபட்டிருக்க வேண்டும். இரண்டும் எனக்கு நடந்ததாக ஞாபகம் இல்லை.

பத்திரிகையை விரித்தார். ஒரு ஹோட்டல் மண்டபத்தில் சமாதானக் கூட்டம். வெள்ளைக்காரத் தூதுவர் ஒருவர் குத்துவிளக்கு ஏற்றுகிறார். அவருடைய தோளுக்குப் பின்னால், துணிப்பை ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி, வாய் பாதி திறந்திருக்க, நான். சமாதானத்துக்காக ஏங்கும் முகம் என்று யாரும் நினைக்கக்கூடும். உண்மையில் அந்த நேரம் பக்கத்து மேசையில் இறால் கொண்டுவந்து வைத்தார்கள். நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் இரண்டு மூன்று சொற்கள். நான் எட்டாம் வகுப்பில் பாதியில் நின்றவள். பஸ் பலகை, மருந்துப் போத்தல், பொலிஸ் படிவம், இந்த மூன்றையும் வாசிக்குமளவுக்கு ஆங்கிலம் தெரியும். ‘பீஸ்’, அதாவது சமாதானம், என்பதை வாசித்துவிட்டேன். அது என் பையிலேயே அச்சடித்திருந்தது. ஆனால் அந்த ‘பீஸ்’ தனியே நிற்கவில்லை. இடைவெளி விடாமல் அதன் பின்னால் ஒரு வால் ஒட்டியிருந்தது. ‘நிக்’.

“இது என்ன மிஸிஸ் சபாநாதன், பீஸ்னிக்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது ஒருவிதமான ஆக்கள்,” என்றார்.

“என்ன விதம்?”

“நல்ல விதமில்லை எண்டுதான் நினைக்கிறன்,” என்று சொல்லி, ஒரு கிண்ணத்தில் சம்பலும் வாங்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். மிளகாய் பட்ட கையால் நான் கண்ணைக் கசக்கிவிட்டேன். அன்றைய அழுகையில் பாதி அதனால் வந்தது.

ஒரு காரணம் தேவை

போன கிழமை இந்தப் பத்தியில் மண்ணெண்ணெய் வரிசை பற்றி எழுதியதை வாசித்துவிட்டு ஒரு வாசகர், “நீங்கள் ஏன் அக்கா எல்லாத்துக்கும் பயப்படுறியள்?” என்று கேட்டு எழுதியிருந்தார். தம்பி, பயப்படுவதற்கு எனக்கு அப்போது ஒரு காரணம் இருந்தது. அதற்கு இருபத்தாறு வயது. பெயர் குகன்.

என் ஒரே தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்து என்னோடு தங்கியிருந்தான். என்னவர் கட்டாரில். பிளாட்டில் நானும் குகனும் மட்டும். வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்ட், “அடுத்த மாதம் அனுப்புறன்” என்று சொல்லத் தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

வடக்கிலிருந்து வந்து தங்குகிறவர்களுக்குப் பொலிஸில் பதிவு வேண்டும். எங்கள் பகுதிப் பொலிஸில் மூன்று மாதத்துக்கொருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். படிவத்தில் பெயர், அடையாள அட்டை இலக்கம், உறவுமுறை எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு பெட்டி இருக்கும்: கொழும்பில் தங்கியிருப்பதற்கான காரணம். அந்தப் பெட்டி தீப்பெட்டியளவுதான். அதற்குள்தான் எங்கள் சனம் முழுவதும் குடியிருந்தது.

காரணங்களுக்குப் பஞ்சம் வந்த காலம் அது. ஒருவர் கல்யாணம் பேச வந்தேன் என்று எழுதினார். மூன்று தடவை புதுப்பித்த பிறகு, “இன்னும் பொம்பிளை கிடைக்கேல்லையா?” என்று பொலிஸே இரக்கப்பட்டதாம். எங்கள் கட்டடத்து நான்காம் மாடிக்காரர் பல் வைத்தியம் என்று போட்டார். அவருக்கு இரண்டு வருடமாகப் பல்வலி. முப்பத்திரண்டும் முத்துப்போல இருந்தன. பதிவு முடிகிற கிழமை மட்டும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு திரிவார்.

குகன் கொம்பியூட்டர் வகுப்பு என்று போட்டுப் பார்த்தான். படிப்பித்த மாஸ்டர் அவனுக்கு முன்னே கனடாவுக்குப் போய்விட்டார். பிறகு ‘வெளிநாடு செல்லக் காத்திருத்தல்’. அதை ஆறு தடவை எழுதியாயிற்று. கடைசித் தடவை சார்ஜன்ட் பேனையை மூடி வைத்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னார்: அடுத்த முறை இந்தக் காரணத்தை ஏற்கமாட்டேன், வேறொன்று கொண்டு வா.

காரணம் இல்லையென்றால் பதிவு இல்லை. பதிவு இல்லையென்றால், அடுத்த சுற்றிவளைப்பில் ட்ரக்கில் ஏற்றும்போது காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இல்லை. முதல் தடவை ஏற்றியபோது அவன் திரும்பி வர பதினொரு நாள் எடுத்தது. வந்தபின் சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு கையையும் மலர்த்தி மேசையில் வைத்துக்கொண்டு இருப்பான். யாரும் கேட்காமலே.

பதிவு முடிவதற்கு இன்னும் நாலு நாள். இந்த நிலையில்தான் என் படம் பத்திரிகையில், வாலோடு.

நான் சிவில் சமூகமாக இருந்தேன்

நான் எப்படி அந்த ஹோட்டலுக்குப் போனேன் என்று கேட்பீர்கள். அப்போதைக்கு நான் மூன்று வருடமாகச் சிவில் சமூகமாக இருந்தேன்.

கோயிலில் வைத்து சர்மினி மிஸ் என்னைப் பிடித்தார். பணக்காரர் குடியிருக்கும் கொழும்பு ஏழில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழை வழுக்கும் படியில் இறங்குவதுபோல் மெதுவாகப் பேசுவார். சமாதானத்துக்கான அமைப்பு ஒன்றை நடத்தினார். அவருக்கு அவசரமாக ‘அடிமட்டப் பெண்கள்’ பன்னிரண்டு பேர் தேவைப்பட்டார்கள். பதினொரு பேர் கிடைத்துவிட்டார்கள். நான் மூன்றாம் மாடியில் இருக்கிறேனே என்று சொன்னேன். அது பரவாயில்லை என்றார்.

வேலை கடினமில்லை. காலையில் வரவு இதழில் கையெழுத்து வைக்க வேண்டும். பெயர், முகவரி, தொழில். தொழில் என்ற இடத்தில் நான் ஒரு கோடு போடுவேன். பிறகு வட்டமாக உட்கார்ந்து, சுவரில் ஒட்டிய பெரிய தாளில் மோதலை ஒரு மரமாக வரைய வேண்டும். வேர் என்ன, கிளை என்ன, கனி என்ன என்று எழுத வேண்டும். நான் அந்த மரத்தை ஒன்பது தடவை வரைந்திருக்கிறேன். ஒன்பது தடவையும் கனி எழுதுவதற்கு முன்னர் சாப்பாட்டுக்கு மணி அடித்துவிடும்.

சாப்பாட்டைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். அந்த வருடங்களில் யுத்தத்தால் மெலிந்தவர்கள் எத்தனையோ பேர். சமாதானத்தால் கொழுத்தவர்களில் நானும் ஒருத்தி.

முடிவில் ஒவ்வொருவருக்கும் ஒரு பை. மங்கல் வெள்ளைத் துணி, நீண்ட கைப்பிடி, பச்சை நிறப் புறா, மூன்று மொழியிலும் ‘சமாதானம்’. நல்ல உறுதியான பை. வெள்ளவத்தைச் சந்தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்று பார்த்தால், மூன்றில் ஒரு வீட்டுக்காரர் சமாதானத்துக்குள்தான் கத்தரிக்காய் வாங்கிப் போட்டார்கள். மழை நாளில் மீன்காரர் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வருவார். புறா முழுவதும் செதில்.

என் பையை நான் மீனுக்குப் பாவிக்கவில்லை. வீட்டு ‘பைல்’ அதற்குள் இருந்தது. பதிவுப் படிவங்கள், அடையாள அட்டைப் பிரதிகள், பிறப்புச் சான்று, கரண்ட் பில். கொழும்பில் ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் கதவுக்குப் பின்னால் அப்படி ஒரு பை தொங்கும். தீப்பிடித்தால் முதலில் அதைத்தான் தூக்குவோம்.

கடிதம் தர முடியாத சமாதானம்

பத்திரிகை வருவதற்கு ஒரு கிழமைக்கு முன்னர், அதே ஹோட்டலில், நான் சர்மினி மிஸ்ஸிடம் ஒரு உதவி கேட்டிருந்தேன். மூன்று வருடத்தில் முதல் தடவை. என் தம்பி உங்கள் அமைப்பில் தொண்டராக வேலை செய்கிறான் என்று ஒரு கடிதம் தாருங்கள், அமைப்பின் தலைப்புப் போட்ட தாளில். சும்மா தர வேண்டாம். கதிரை அடுக்குவான், தாள் ஒட்டுவான், மரம் வேண்டுமானாலும் வரைவான்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியது என்றுகூடச் சொல்லலாம்.

“பரம், எனக்கு விளங்குது. பட் நாங்கள் நியூட்ரல். தனி ஆட்களின்ட பிரச்சினைக்குள்ள போனா எங்கட ஃபண்டிங் போயிரும்.”

“கடிதம் மட்டும்தானே மிஸ்.”

“கடிதம்தான் பெரிய விஷயம்,” என்றார். பிறகு, நான் மனம் நோகக் கூடாது என்று இன்னுமொரு பை தந்தார்.

இப்படியாக, சமாதானத்திடமிருந்து கடிதம் கிடைக்கவில்லை. கிடைத்தது வால் மட்டும். அதைப் பொலிஸும் பார்த்திருக்கும். ‘இந்தப் பெண் யார், எந்தக் கூட்டம், இந்த நிக் என்பது என்ன இயக்கம்?’ என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? கேள்வி வருவதற்கு முன்னரே பதிலைத் தயாரித்து வைத்திருப்பது எங்கள் ஆட்களின் பழக்கம். பாதிப் பேர் அதனாலேயே மாட்டிக்கொண்டார்கள்.

மாஸ்கோவில் படித்த பம்ப் மெக்கானிக்

முதலில் புதுக்கடைக்குப் போனேன். நீதிமன்றத்துக்கு எதிரே நடைபாதையில் மேசை போட்டு சத்தியக்கடதாசி தட்டச்சுச் செய்யும் பலீல் நானாவிடம் தடித்த அகராதி ஒன்று இருந்தது. அட்டை இல்லை, ‘ஏ’ எழுத்தில் பாதி இல்லை. விரலில் எச்சில் தொட்டுப் புரட்டினார். ‘பீஸ்’ இருந்தது. வால் இல்லை.

“இது என்ட வாப்பாட காலத்து புக், தங்கச்சி,” என்றார். “அப்ப சமாதானம் மட்டும்தான் ஈந்திச்சி. இந்த வாலெல்லாம் பொறகு மொளச்சது.”

அவர்தான் கொட்டாஞ்சேனை மகாலிங்கத்தாரைப் பார்க்கச் சொன்னார். மகாலிங்கத்தார் வாலிப வயதில் கம்யூனிஸ்ட் கட்சிப் புலமைப்பரிசிலில் மாஸ்கோவுக்குப் போய் இயந்திரவியல் படித்தவர். திரும்பி வந்தபோது அந்தப் பட்டத்தை இங்கே யாரும் ஏற்கவில்லை. பிறகு அந்த நாடே இல்லாமல் போயிற்று. அவர் தண்ணீர் பம்ப் திருத்திக்கொண்டிருந்தார்.

நான் போனபோது கிறீஸ் கையோடு ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார். பத்திரிகைத் துண்டைக் காட்டினேன். பார்த்ததும் முகம் விளக்குப்போட்டதுபோல ஆகிவிட்டது. இருபது வருடமாக யாரும் அவரிடம் ரஷ்ய மொழி பற்றிக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

“பிள்ளை, இது எங்கட வால்,” என்றார்.

ரஷ்யாவில் ஒரு சொல்லின் பின்னால் ‘நிக்’ என்று ஒட்டினால் அதோடு சம்பந்தப்பட்ட ஆள் என்று கருத்தாம். நாங்கள் பால்காரன், மீன்காரன் என்று சொல்வதுபோல. அதில் கேலி ஒன்றுமில்லை. வானத்துக்கு முதன்முதலில் ஒரு பந்தை அனுப்பி அதற்கு ‘ஸ்புட்னிக்’ என்று பெயர் வைத்தார்கள். ‘ஸ்’ என்றால் கூட, ‘புட்’ என்றால் வழி, ‘நிக்’ என்றால் ஆள். வழியில் கூட வருகிற ஆள்.

“வழித்துணை,” என்றேன்.

அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “எத்தினையாம் வகுப்பு படிச்சனீர்?”

“எட்டு. அதிலும் அரைவாசி.”

“காணும்,” என்றார். போதுமாம்.

பிறகு கதை அமெரிக்காவுக்குப் போயிற்று. பூர்வீகம் அந்தப் பக்கத்து நாடுகளாக இருந்த யூதர்கள் வீட்டில் பேசிய மொழியிலும் இதே வால் இருந்ததாம். ஓயாமல் நச்சரிக்கிறவனுக்கு அதில் ஒரு ‘நிக்’ பெயர் உண்டாம். அது ஏற்கெனவே அங்கே கப்பலேறிப் போயிருந்தது. ரஷ்யப் பந்து வானத்தில் ஏறி, உலகம் முழுவதும் அந்தச் சொல் அடிபட்டபோது, அமெரிக்கப் பத்திரிகைக்காரர்களுக்குக் கை துறுதுறுத்தது. தாடி வளர்த்துக்கொண்டு வேலை செய்யாமல் கவிதை வாசித்த இளைஞர்களுக்கு முதலில் இந்த வாலை ஒட்டினார்கள். பிறகு அமெரிக்கா வேறொரு நாட்டில் யுத்தம் செய்தபோது, அதை நிறுத்து என்று தெருவுக்கு வந்தவர்களுக்கு ஒட்டினார்கள். அவர்கள்தான் முதல் பீஸ்னிக்குகள்.

“ஆக, வசை?” என்று கேட்டேன்.

“வசை எண்டு சொல்லேலாது. சொறிச்சேட்டை. கேலி, பகிடி.”

திரும்பும் வழியில் இதையே யோசித்தேன். தமிழில் சண்டைக்காரன் இருக்கிறான். வம்புக்காரன், பகைக்காரன், கோபக்காரன் எல்லோரும் இருக்கிறார்கள். சமாதானக்காரன் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தச் சொல் யாருக்கும் தேவைப்படவில்லை போலும். கேலி செய்வதற்குக்கூட நாங்கள் அதை இரவல் வாங்க வேண்டியிருந்தது.

மகாலிங்கத்தார் எல்லாவற்றையும் ஒரு பம்ப் ரசீதின் பின்புறத்தில் எழுதித் தந்தார். ரஷ்ய எழுத்தில் ‘ஸ்புட்னிக்’ என்ற சொல்லைப் பெரிதாக எழுதி, மூன்றாகப் பிரித்து அம்புக்குறி போட்டிருந்தார். பக்கத்தில் ஸ்புட்னிக்கின் படமும் வரைந்திருந்தார். எனக்குத் திருப்தி. யார் கேட்டாலும் ஆதாரம் கையில் இருக்கிறது.

பையைப் புரட்டினேன்

பதிவுக்குப் போகிற காலையில் எனக்குப் புதிதாக ஒரு பயம் வந்தது. பத்திரிகைப் படத்தில் நான் பிடித்திருப்பது இதே பை. பொலிஸ் வாசலில் இதோடு போய் நின்றால் ஆளை அடையாளம் கண்டுவிடுவார்களே. வேறு பையில் பைலைப் போடலாம் என்று குகன் சொன்னான். ராசியான பை, மாற்றக் கூடாது என்று நினைத்தேன். ஆகவே பையை உட்புறம் வெளியே வரும்படி புரட்டினேன். புறாவும் மூன்று மொழியும் உள்ளே போய்விட்டன.

யுத்த காலத்தில், பொலிஸ் வாசலுக்கு, புரட்டிய பையோடு போன ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன்.

காவலுக்கு நின்ற பொடியன் நேரே சார்ஜன்ட்டின் மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனான். சார்ஜன்ட் ஐம்பது வயதுக்காரர். மூக்குக்கண்ணாடியைக் கறுப்பு நூலில் கழுத்தோடு கட்டியிருப்பார். ஏன் இந்தப் பை புரண்டு கிடக்கிறது என்று கேட்டார். கழுவிக் காயப்போட்டது என்றேன். எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொன்னார்.

எடுத்தேன். படிவங்கள், பிரதிகள், கரண்ட் பில், பத்திரிகைத் துண்டு. கடைசியாகப் பம்ப் ரசீது.

அப்போதுதான் அதை நானும் அவருடைய கண்ணால் பார்த்தேன். தெரியாத மொழியில் கொட்டை எழுத்து. மூன்று அம்புக்குறி. அதன் பக்கத்தில் உருண்டையாக ஒரு பொருள். அதிலிருந்து நாலு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது.

சார்ஜன்ட் கண்ணாடியைப் போட்டார். “மே மொகக்த?” என்று கேட்டார். இது என்ன என்று. சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குக் கூடுதல் பயம்.

எனக்குத் தெரிந்த சிங்களம் மரக்கறிச் சிங்களம். கிலோ என்ன விலை, குறைத்துத் தா, நல்லதாகப் பொறுக்கிப் போடு. அதை வைத்துக்கொண்டு ஒரு சொல்லின் பின்னொட்டு எங்கிருந்து வந்தது என்று பொலிஸுக்கு விளக்க வேண்டும். ரஷ்யாவிலிருந்து வந்தது என்றேன். புருவம் உயர்ந்தது. பயப்பட ஒன்றுமில்லை, இது மேலே போகிற சாமான் என்றேன். எப்படிப் போகும் என்று கேட்டார்.

“ரொக்கெட்,” என்றேன்.

சொன்ன பிறகுதான் விளங்கியது. பக்கத்து மேசையில் தட்டச்சு நின்றது. கொன்ஸ்டபிள் ஒருவர் எழுந்துவந்து குகனின் கதிரைக்குப் பின்னால் நின்றார். குகன் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் மலர்த்தி மேசையில் வைத்தான். வீட்டில் வைப்பதுபோலவே.

சமாதானத்தின் சிங்களச் சொல் பையில்தான் இருந்தது, பையின் உட்புறத்தில். பையைத் திரும்பவும் புரட்டினேன். கைப்பிடி சிக்கியது. இழுத்து, உதறி, மேசையில் விரித்து, புறாவின் மேல் விரலை வைத்தேன்.

“சாம,” என்றேன். “மகே வெட, சாம.” என் வேலை சமாதானம்.

சார்ஜன்ட் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குனிந்து தன்னுடைய மேசைக்கு அடியிலிருந்து எதையோ இழுத்தெடுத்தார். மங்கல் வெள்ளைத் துணி, நீண்ட கைப்பிடி, பச்சைப் புறா. உள்ளே சோற்றுப் பார்சல்.

அவரையும் அழைத்திருக்கிறார்கள். பொலிஸுக்கான பயிற்சி, எங்களுக்கு ஒரு மாதம் முந்தி, அதே ஹோட்டலில். அவரும் மரம் வரைந்திருக்கிறார்.

இறால்

பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, உங்களுக்கு மத்தியானம் என்ன தந்தார்கள் என்பது. பொய் சொல்லும் நிலையில் நான் இல்லை. கோழி, மீன், இறால் என்றேன்.

“இஸ்ஸோ?” என்றார். இறாலா என்று. கொன்ஸ்டபிளைத் திரும்பிப் பார்த்தார். பொலிஸுக்குக் கோழி மட்டும்தானாம். அதுவும் ஆளுக்கு ஒரு துண்டு. சிவில் சமூகத்துக்கு இறால். கொஞ்ச நேரம் அந்த அறையில் பெரிய மனவருத்தம் நிலவியது. கொன்ஸ்டபிள் குகனின் பின்னாலிருந்து விலகி, தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தார்.

ரசீதை சார்ஜன்ட் நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். நங்கி, இப்படிப் படங்களைப் பையில் வைத்துக்கொண்டு திரியாதே என்று சொன்னார். ஏசவில்லை. தங்கைக்குச் சொல்வதுபோல் இருந்தது.

பத்திரிகைத் துண்டு மட்டும் மேசையில் கிடந்தது. அவர் அந்த எழுத்தைப் பார்க்கவே இல்லை. வெள்ளைக்காரர் யார் என்று கேட்டார். தூதுவர் என்றேன். பின்னால் நிற்பது நீதானா என்றார். நான்தான் என்றேன்.

பேனையைத் திறந்தார். குகனின் படிவத்தில், காரணப் பெட்டிக்குள் சிங்களத்தில் இரண்டு சொல் எழுதினார். சமாதான வேலை. அக்காவுக்கு உதவி என்று பக்கத்தில் சேர்த்தார். பத்திரிகைத் துண்டைப் படிவத்தோடு சேர்த்து ஊசி குத்தினார். முத்திரை விழுந்தது. மூன்று மாதம்.

சமாதான அமைப்பு தரமாட்டேன் என்ற கடிதத்தை, சமாதானத்தைக் கேலி செய்த பத்திரிகை தந்தது.

எழும்பும்போது அவர் ஒன்று சொன்னார். அடுத்த முறை புதுப் பேப்பர் கொண்டு வர வேண்டுமாம். மூன்று மாதத்தில் இது பழசாகிவிடும்.

காலி வீதியில் குகன் பையை என்னிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். புறா வெளியே தெரிந்தது. கொஞ்சத் தூரம் போனபிறகு, “அக்கா, உங்களுக்கு விளங்கினதோ?” என்றான்.

“என்ன?”

“இனி மூண்டு மாசத்துக்கு ஒருக்கா நீங்கள் பேப்பரில வரவேணும்.”

முன்வரிசை

அதற்குப் பிறகுதான் நான் உண்மையாகவே பீஸ்னிக் ஆனேன்.

ஒரு செமினாரையும் விடவில்லை. விளக்கேற்றும் இடத்தை முன்கூட்டியே பார்த்து வைப்பேன். வெள்ளைக்காரர் எந்தப் பக்கமாக வருவார், படப்பிடிப்பாளர் எங்கே நிற்பார் என்று கணக்குப் போடுவேன். ஒரு தடவை நெருப்புப்பெட்டி இல்லையென்று எல்லோரும் தடுமாறியபோது என் பைக்குள் இருந்து எடுத்து நீட்டினேன். அந்தப் படம் முதல் பக்கத்தில் வந்தது. சார்ஜன்ட் மெச்சினார். கீழே அதே வால். சுகமாக இருந்தது.

படத்தில் நிற்பது போதாது, பேசினால்தான் பெரிதாகப் போடுவார்கள் என்று கண்டுபிடித்தபோது பேசவும் தொடங்கினேன். தம்பியின் கையைப் பற்றிச் சொன்னேன், பெயர் சொல்லாமல். யாரோ ஒருவர் மேசையில் கைகளை மலர்த்தி வைத்துக்கொண்டு சோற்றுக்குக் காத்திருப்பதைப் பற்றி. மண்டபத்தில் கரண்டிச் சத்தம் நின்றது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அதெல்லாம் உண்மை என்று உறைத்தது.

சர்மினி மிஸ் வருடாந்த அறிக்கையில் என்னைப் பற்றி ஒரு பந்தி எழுதினார். அடிமட்டப் பெண் ஒருத்தி ஒரே வருடத்தில் பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு வந்ததாக. எனக்கு வாசித்துக் காட்டினார்.

“பரம், வட் சேஞ்ச்ட் யூ?” என்று கேட்டார்.

கடிதம் என்று சொல்ல வாய் வந்தது. விட்டுவிட்டேன். பாவம், அவருக்கு ஃபண்டிங் வந்திருந்தது.

ஐந்தாவது படத்துக்கும் ஆறாவது படத்துக்கும் இடையில் குகன் போய்விட்டான். ஏஜென்ட் சொன்ன அந்த ‘அடுத்த மாதம்’ ஒரு செவ்வாய்க்கிழமை உண்மையாகவே வந்தது. பைலை அந்தப் பையோடுதான் கொண்டுபோனான். குளிர்நாட்டிலிருந்து முதல் தடவை பேசியபோது சாப்பிட்டியா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றான். எப்படி இருந்து சாப்பிட்டாய் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அதோடு எனக்கு ஹோட்டலுக்குப் போக ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் அடுத்த அழைப்பு வந்தபோது போனேன். மண்டபத்தில் பாதிக் கதிரை காலி. இறால் இல்லை, கோழி ஆளுக்கு ஒரு துண்டு. தூதுவர் வரவில்லை, அவருடைய செயலாளர் வந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரவு இதழ் என்னிடம் வந்தது. தொழில் என்ற இடத்தில் கோடு போடப் போனேன். பிறகு கோட்டை விட்டுவிட்டு அந்த ஆங்கிலச் சொல்லை ஒவ்வோர் எழுத்தாக, வாலோடு சேர்த்து எழுதினேன். விளக்கேற்றும்போது யாரும் கூப்பிடாமலே முன்வரிசையில் போய் நின்றேன்.

படப்பிடிப்பாளர் ஒரே ஒரு படம் எடுத்தார். கைத்தொலைபேசி அடித்தது. கேட்டார், கமராவைப் பைக்குள் போட்டார், ஓடினார். எங்கோ ஏதோ நடந்துவிட்டிருந்தது.

மறுநாள் காலையில் மிஸிஸ் சபாநாதனிடம் பத்திரிகையை இரவல் வாங்கி வந்து தரையில் விரித்துப் பார்த்தேன். முதல் பக்கத்திலிருந்து விளையாட்டுப் பக்கம் வரை. வேறு படங்கள் இருந்தன, யுத்தப் படங்கள், நிறைய இருந்தன. அடுத்த நாளும் வாங்கினேன். அந்தக் கிழமை முழுவதும் வாங்கினேன்.

கடைசியில் அவரே மூட்டுவலியோடு படியேறி வந்துவிட்டார். “என்ன பரமேஸ், ஒவ்வொரு நாளும் தேடுறீர்? ஆர் செத்தது?”

“ஒருத்தரும் இல்லை,” என்றேன். “எங்களைப் பகிடி பண்ணுறவையைக் காணேல்லை.”